மண்ணெண்ணெய் இறைப்பு மெசின்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

சோளகம் எழும்பிவிட்டால் வன்னியில் கச்சானும் மிளகாயும் கத்தரியும் இறைப்பு மெசினை நம்பித்தான் நிற்கும். இங்கே சொல்லப்போவது பழைய வகை மெசினைப் பற்றி: கயிறு இழுத்து ஸ்ராற் செய்கிற, பெற்றோலுக்குச் சின்னத் தாங்கியும் மண்ணெண்ணெய்க்குப் பெரிய தாங்கியும் வைத்த நாலு ஸ்ட்ரோக் மெசின். விசுவமடு, ஒட்டுசுட்டான், முழங்காவில் பக்கமெல்லாம் இப்படியான மெசின்கள் இன்னும் நல்ல உழைப்பில் இருக்கின்றன. ஒழுங்காகப் பார்த்தால் இன்னும் பல வருசம் உழைக்கும்.

ஒரு விசயம் விளங்கினால் பாதிப் பிழை தானாகப் பிடிபடும். பெற்றோல் சாதாரண வெக்கையிலேயே ஆவியாகிவிடும். மண்ணெண்ணெய் 38 பாகை செல்சியசுக்கு மேல் போனால்தான் பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும். சிலிண்டருக்குள் முழுதாய் எரிய அதைவிட நல்ல சூடு வேண்டும். மெசின் குளிர்ந்திருக்கும்போது மண்ணெண்ணெய் துளியாகவே உள்ளே போகிறது, துளியாகவே சுவரில் வழிகிறது. கீழே வரும் பிழைகளில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

உங்கள் மெசின் காட்டும் அறிகுறிக்கு நேரே போகலாம். முதலாவதை மட்டும் எல்லோரும் வாசியுங்கள்.

மெசின் நல்லாய் ஓடுகிறது, பக்கத்தில் நிற்பவருக்குத் தலையிடி

தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம், கால் சோர்வு. வெயில் என்றோ, சாப்பிடாமல் வந்தது என்றோ நினைக்க வேண்டாம். மெசின் பக்கத்தில் இருக்கும்போது வந்தால் அது புகையில் உள்ள காபனோரொட்சைட்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் ஒட்டும் இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மூச்சு வாங்குவதில் ஒரு குறையும் தெரியாது. ஆள் திடீரென்று விழுவார்.

இது கூடுதலாக நடப்பது கிணற்றுக்குள். ஏன் அங்கே மெசினை இறக்குகிறார்கள் என்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. பம் தண்ணீரை இழுப்பதில்லை. வெளிக்காற்றின் அமுக்கம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்த அமுக்கம் தாங்கும் உயரம் கணக்குப்படி 34 அடி. நடைமுறையில் 23 அடி தாண்டினால் எந்த நல்ல பம்மும் தடுமாறும். ஆவணி, புரட்டாதியில் கிணறு வற்றி நீர்மட்டம் 30 அடிக்குப் போகும்போது, மெசினைக் கயிற்றில் கட்டி உள் திட்டில் இறக்குகிறார்கள். கிணறு துப்புரவாக்கும்போதும் இதே கதைதான்.

கணக்கைப் பாருங்கள். 200 சிசி மெசின் முழு வேகத்தில் ஓடினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 லீற்றர் புகை விடும். பழைய காபரேற்றர் மெசினின் புகையில் நூற்றுக்கு 5 பங்கு வரை காபனோரொட்சைட்டு இருக்கும். அப்படியானால் நிமிடத்துக்கு 10 லீற்றர். 12 அடி விட்டமும் 20 அடி காற்று ஆழமும் உள்ள கிணற்றில் சுமார் 64,000 லீற்றர் காற்று இருக்கிறது. 20 நிமிட ஓட்டத்தில் அந்தக் காற்றில் நஞ்சு 0.3 வீதம் ஆகிவிடும். அந்த அளவைச் சுவாசிப்பவர் அரை மணித்தியாலத்துக்குள் சாகலாம்.

விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் இங்கே உதவாது. ஒட்சிசன் 16 வீதமளவுக்குக் குறைந்தால்தான் விளக்கு அணையும். பாழ்கிணற்றில் கெட்ட காற்று நிற்கிறதா என்று பார்க்க அது ஓரளவு சரி. காபனோரொட்சைட்டு 0.3 வீதம் நிற்கும் காற்றில் விளக்கு நின்று எரியும். அதை நம்பி இறங்கியவர் திரும்பி ஏறமாட்டார்.

ஆகவே மெசின் எப்போதும் தரைமேல். நீர்மட்டம் 23 அடிக்குக் கீழே போனால் தண்ணீருக்குள் இறக்கும் மின் மோட்டரும், கிணற்றைவிட்டுத் தள்ளி வைத்த ஜெனரேற்றரும்தான் வழி. சைலன்சருக்கு நீளக் குழாய் பூட்டி மேலே விட்டுவிட்டு மெசினைக் கீழே ஓட்டுவதும் வேண்டாம். பூட்டு ஒன்று கசிந்தாலே போதும்.

ஏற்கெனவே மெசின் ஓடிய கிணற்றில் இறங்கத்தான் வேண்டுமென்றால்: மெசினை மேலே எடுங்கள். காற்றடிக்கும் ஊதியின் (புளோவர்) குழாயை அடிவரை விட்டுக் குறைந்தது அரை மணித்தியாலம் காற்றை அடியுங்கள், ஆள் உள்ளே நிற்கும் நேரமெல்லாம் அதை நிறுத்தாதீர்கள். இறங்குபவரின் நெஞ்சைச் சுற்றிக் கயிறு, மேலே இரண்டு பேர். குழையை இறக்கி ஏற்றிக் காற்றைக் கலக்குவது மட்டும் போதாது.

கீழே ஒருவர் விழுந்துவிட்டால், தூக்க இறங்காதீர்கள். தம்பி விழ அண்ணன் இறங்குவது, அண்ணன் விழ அயலவர் இறங்குவது என்றுதான் இந்தச் சாவுகள் ஒன்றுக்கு இரண்டாகின்றன. கயிறு கட்டியிருந்தால் மேலிருந்து இழுங்கள், கட்டாவிட்டால் காற்றை அடித்துக்கொண்டே 1990 அம்புலன்சுக்கும் 119 பொலிசுக்கும் எடுங்கள். எழும்பி நல்லாய்க் கதைக்கிறார் என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒட்சிசன் கொடுக்க வேண்டும்.

கொட்டிலும் இதே கணக்கில் வரும். யானைக் காவலுக்குப் படுக்கும் கொட்டிலுக்கு அருகே மெசினை ஓடவிட்டுத் தூங்குபவர்கள், மெசினை 20 அடிக்கு அப்பால், காற்று கொட்டிலைவிட்டு விலகிப்போகும் பக்கத்தில் வையுங்கள். மழைக்கென்று தறப்பாளால் மூடி ஓட்டவே கூடாது.

கயிறு இழுத்து இழுத்துக் கை நொந்தும் ஸ்ராற் இல்லை

முதலில் காபரேற்றரின் அடிக்கிண்ணத்தைப் பாருங்கள். நேற்று மண்ணெண்ணெயிலேயே நிறுத்தியிருந்தால் கிண்ணம் நிறைய மண்ணெண்ணெய் நிற்கும். மேலே பெற்றோல் கொக்கைத் திறந்தாலும் அந்த மண்ணெண்ணெய் முடியும்வரை மெசினுக்குப் பெற்றோல் கிடைக்காது. அடியில் உள்ள வடிப்பு ஸ்குறூவைத் தளர்த்தி ஒரு தகரப்பேணியில் முழுவதையும் வடியுங்கள், ஸ்குறூவை இறுக்குங்கள், கொக்கைப் பெற்றோலுக்குத் திருப்பி அரை நிமிடம் பொறுங்கள். பிறகு சோக்கை மூடி இழுங்கள். பத்தில் ஏழு மெசின் இதோடு ஓடும்.

ஓடாவிட்டால் பிளக்கைக் கழற்றுங்கள். நுனி ஈரமென்றால் எண்ணெய் (பெற்றோலோ மண்ணெண்ணெயோ) வருகிறது, பொறி இல்லை அல்லது எண்ணெய் கூடிப்போய்விட்டது. காய்ந்திருந்தால் எண்ணெயே வரவில்லை. கொக்கின் கீழுள்ள கிண்ணம், வலை, ஜெற் (காபரேற்றருக்குள் எண்ணெய் வரும் சின்னத் துளை) என்று மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வாருங்கள். ஜெற்றைக் கம்பியால் குத்தாதீர்கள். ஒருமுறை துளை பெருத்தால் அந்த மெசின் காலம் முழுக்கக் கரும்புகை விடும். ஊதிப் பாருங்கள், போகாவிட்டால் தூரிகை மயிர் ஒன்றை விடுங்கள்.

பொறி பார்க்கும்போது பிளக்கின் உடம்பைச் சிலிண்டர் இரும்பில் முட்டவைத்து, பிளக் துளையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் தள்ளிப் பிடியுங்கள். துளையிலிருந்து வரும் ஆவியில் பொறி பட்டால் முகத்துக்குத்தான் நெருப்பு வரும். நீலமாய்ச் சடசடவென்று விழுந்தால் நல்லது. மஞ்சளாய் மெலிந்து விழுந்தாலோ விழாவிட்டாலோ மக்னெற்றோவில் (பொறிக்கு மின்சாரம் தரும் பகுதி) திறந்து மூடும் பொயின்றைப் பாருங்கள். மாரியில் கிடந்த மெசினில் பொயின்றின் முகத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பூஞ்சணம் படிந்திருக்கும். வெள்ளைக் கடதாசியை மடித்து இரண்டு முகத்துக்கும் நடுவே விட்டு இழுங்கள். கறுப்புக் கோடு விழுவது நிற்கும்வரை இழுங்கள். முழுதாய்த் திறந்து நிற்கும்போது இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. பிளக்கின் இடைவெளி 0.7 மி.மீ. அளவில்.

பொறியும் உண்டு, பெற்றோலும் உண்டு, ஓடவில்லை என்றால் அமுக்கம். கயிறை மெதுவாக இழுங்கள். ஒரு இடத்தில் கை தடுக்கப்பட வேண்டும். தடையே இல்லையென்றால் பிளக் துளையால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, நாலுதரம் சுற்றி, மறுபடி பாருங்கள். தடை வந்தால் பிஸ்ரன் றிங் தேய்ந்திருக்கிறது. வராவிட்டால் வால்வு உட்காரும் இருப்பு எரிந்திருக்கிறது அல்லது சிலிண்டர் தலையின் கஸ்கற் போய்விட்டது.

பிளக் மாற்றும்போது ஒரு கவனம். மண்ணெண்ணெய் மெசினுக்கு நுனி சூடாக நிற்கும் பிளக் வேண்டும். என்.ஜி.கே. பிளக்கில் எண் குறையக் குறையச் சூடு கூடும். கடையில் இருக்கிறதென்று கூடிய எண்ணை வாங்கிப் போட்டால் இரண்டு நாளில் கரி பிடித்துவிடும்.

பெற்றோலில் ஓடுகிறது, மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் இருமி நிற்கிறது

அனேகமாக அவசரம்தான். ஸ்ராற் செய்த கையோடு கொக்கைத் திருப்பக் கூடாது. பெற்றோலில் 5 நிமிடம், அதுவும் பம் தண்ணீர் தள்ளிக்கொண்டிருக்க ஓட வேண்டும். சுமையில்லாமல் ஓடும் மெசின் பத்து நிமிடம் ஓடினாலும் போதிய சூடு ஏறாது. சிலிண்டரின் செட்டைகளில் ஒரு துளி தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள்: உடனே சீறி ஆவியானால் மாற்றலாம், நின்று வழிந்தால் இன்னும் பொறுங்கள். மாற்றிய பிறகும் வேகத்தைக் குறைக்காதீர்கள். மண்ணெண்ணெயில் மெசினைச் சும்மா மெல்ல ஓடவிடுவது அதற்குச் செய்யும் பெரிய கெடுதல்.

சூடாகியும் நிற்கிறதென்றால் மண்ணெண்ணெயில் தண்ணீர். கொக்கின் கீழ்க் கிண்ணத்தைக் கழற்றி வெள்ளைப் பீங்கானில் ஊற்றுங்கள். தண்ணீர் இருந்தால் பீங்கானின் அடியில் குண்டு குண்டாய், கண்ணாடி மணிபோல் உருளும். மண்ணெண்ணெய் மேலே பரவி நிற்கும். பரலில் வாங்கி வைக்கும் எண்ணெயை ஒரு நாள் ஆறவிட்டு மேலிருந்து மொண்டு எடுங்கள், அடி நாலு விரல் உயரத்தைத் தொடாதீர்கள்.

புகையின் நிறம்

வெள்ளையாய், கண்ணைக் கரிக்கும் மண்ணெண்ணெய் மணத்தோடு வந்தால் மெசின் குளிர்ந்திருக்கிறது. மேலே சொன்னதுதான்.

கறுப்பென்றால் காற்றுக் குறைவு. வன்னிச் செம்மண் தூசி சோளகக் காற்றில் மாவாய்ப் பறக்கும். பஞ்சு வடிகட்டியை இரண்டு நாளுக்கொருதரம் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, இரண்டு சொட்டு ஒயில் விட்டுப் பிழிந்து போடுங்கள். வடிகட்டி இல்லாமல் ஓட்டினால் புகை குறையும். ஆனால் அந்தத் தூசி உள்ளே போய் றிங்கை ஒரே போகத்தில் தின்றுவிடும்.

நீலமென்றால் ஒயில் எரிகிறது: றிங் அல்லது வால்வு வழி. பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டிய வேலை.

ஒயில் மட்டம் குறையவில்லை, கூடுகிறது

இதைக் கண்டு சந்தோசப்படுபவர்கள் உண்டு. உண்மையில் மண்ணெண்ணெய் மெசின்களைக் கொல்வது இதுதான். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு, றிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலோடு கலக்கிறது. 600 மில்லிலீற்றர் மட்டுமே கொள்ளும் அறையில் 100 மில்லிலீற்றர் மண்ணெண்ணெய் சேர்ந்தாலே ஒயில் தண்ணீராகிவிடும். பிறகு பிஸ்ரனோடு இணையும் கொனெக்ரிங் ரொட் இறுகும், ஒருநாள் முறியும்.

அளவுக் கம்பியை எடுத்து விரலில் தடவிப் பாருங்கள். நல்ல ஒயில் இரண்டு விரலுக்கிடையில் நூல் விடும். கலந்தது நூல் விடாது, வழுக்கி ஓடும், மணம் காட்டிக் கொடுக்கும். சந்தேகமென்றால் பழைய பத்திரிகைத் தாளில் ஒரு சொட்டு விடுங்கள். நடுவில் கறுப்புப் பொட்டு, அதைச் சுற்றி அகலமாய் ஈர வளையம் வேகமாகப் பரவினால் அந்த ஒயில் வேண்டாம். பற்றவைத்துப் பார்க்காதீர்கள்.

பெற்றோல் மெசினுக்கு 100 மணித்தியாலத்துக்கொருதரம் ஒயில் மாற்றுவார்கள் என்றால், இதற்கு 50. நாளுக்கு 4 மணித்தியாலம் இறைப்பவருக்கு அது 12 நாள். மெசின் சூடாயிருக்கும்போதே வடியுங்கள், எங்கள் வெக்கைக்கு எஸ்.ஏ.ஈ. 30 அல்லது 40 இலக்க ஒயில் ஊற்றுங்கள். வடித்ததைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம்.

மாற்றிய ஒயிலும் ஒரு கிழமையில் ஏறினால் வேறு இடத்தில் பிழை. காபரேற்றரின் மிதவை ஊசி இருப்பில் இருக்காமல், மெசின் நிற்கும்போதும் எண்ணெய் வழிந்து உள்ளே போகிறது. மெசினை நிறுத்தும் ஒவ்வொரு தரமும் கொக்கை மூட வேண்டும் என்பதன் காரணம் இது.

உள்ளே சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம்

சுமை ஏறும்போது மட்டும் டக்டக் என்று தட்டினால் எண்ணெய் நேரத்துக்கு முன் வெடிக்கிறது. மண்ணெண்ணெய் இதை இலகுவில் செய்யும். அதனால்தான் பெற்றோல் மெசினின் அமுக்க விகிதம் 8 அளவில் இருக்க, மண்ணெண்ணெய் மெசினுக்கு 6 அளவில் வைத்துச் செய்கிறார்கள். சிலிண்டர் தலையில் காபன் தடித்துப் படிந்தால் இடம் குறைந்து அமுக்கம் ஏறும். தலையைக் கழற்றி மரச் சீவலால் சுரண்டுங்கள்; இரும்பால் சுரண்டினால் அலுமினியத்தில் கீறல் விழும்.

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் மெசின்களையே மண்ணெண்ணெயில் ஓட்டினோம். வேறு வழியிருக்கவில்லை. அந்த மெசின்கள் சில இன்னும் அப்படியே ஓடுகின்றன. அவை தட்டினால் தலைக்கு இரண்டாவது கஸ்கற் போட்டு அமுக்கத்தைக் குறைக்கலாம், பலம் சற்றுக் குறையும். இன்று பெற்றோலுக்குத் திருப்புவதுதான் நல்லது. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறிய பிறகு, அந்தக் கஷ்டத்துக்கு முன்போல இலாபமும் இல்லை.

காபரேற்றரால் நெருப்புத் துப்புகிறது

பொருளாதாரத் தடைக் காலத்தின் இன்னொரு பழக்கம் சூப்பி. சின்ன பிளாஸ்ரிக் போத்தலில் பெற்றோல் எடுத்து, வடிகட்டியைக் கழற்றிவிட்டுக் காபரேற்றர் வாய்க்குள் பீச்சி இழுப்பது. பெற்றோல் சொட்டுக் கணக்கில் கிடைத்தபோது அது கெட்டித்தனம். ஆனால் மெசின் ஒருதரம் பின்னடித்தால் சுவாலை அந்த வாயால் வெளியே வரும், கையில் இருப்பது திறந்த பெற்றோல் போத்தல். பெற்றோல் தாங்கி ஒழுங்காக இருக்கிற மெசினில் இதற்குத் தேவையே இல்லை. செய்யத்தான் வேண்டுமென்றால், ஐந்தாறு சொட்டு விட்டு, போத்தலை மூடிப் பத்தடி தள்ளி வைத்து, வடிகட்டியைப் பூட்டி, பிறகு இழுங்கள்.

பின்னடிக்கும் மெசினில் உள்ளிழுக்கும் வால்வு ஒட்டுகிறதா, பறசில்லின் (பிளைவீல்) சாவி அறுந்து பொறி நேரம் மாறிவிட்டதா என்று பாருங்கள்.

சூடான மெசினில் எண்ணெய் நிரப்பாதீர்கள். பல பழைய மெசின்களில் தாங்கி சைலன்சருக்கு நேர்மேலே இருக்கிறது. நிறுத்தி, 15 நிமிடம் ஆறவிட்டு, புனல் வைத்து ஊற்றுங்கள். வெளிச்சத்துக்குக் குப்பி விளக்கைக் கிட்டக் கொண்டுவர வேண்டாம், டோர்ச் பிடியுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணலும் நனைத்த சாக்கும் இருக்கட்டும். எண்ணெய் நெருப்புக்குத் தண்ணீர் ஊற்றினால் அது எண்ணெயை மிதக்கவிட்டு நெருப்பைப் பரப்பும்.

மெசின் ஓடுகிறது, தண்ணீர் இல்லை

பம்மின் கூட்டை நிரப்பினீர்களா? நிரப்பாமல் ஓட்டினால் சில நிமிடத்தில் சீல் கருகும், பிறகு அச்சடியால் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். நிரப்பிய தண்ணீர் இறங்கிப்போனால், கிணற்றுக்குள் ஹோஸின் நுனியிலுள்ள அடி வால்வில் குழையோ கல்லோ சிக்கியிருக்கிறது. நிற்கிறது, ஆனால் இழுக்கவில்லை என்றால் உறிஞ்சும் ஹோஸ் எங்கோ காற்று எடுக்கிறது. அந்தக் கசிவு வெளியே ஒழுகாது, கண்ணுக்குத் தெரியாது. மெசின் ஓடும்போதே ஈரக் களிமண்ணை ஒவ்வொரு கிளிப்பிலும் அப்பிக்கொண்டு வாருங்கள். எந்த இடத்தில் அப்பும்போது தண்ணீர் வரத்தொடங்குகிறதோ அங்கேதான் ஓட்டை. ஹோஸ் பம்மை நோக்கி ஒரே ஏற்றமாகப் போக வேண்டும். நடுவில் முதுகு வளைந்தால் அங்கே காற்று தங்கும். அடி வால்வு தண்ணீருக்குள் ஒரு அடியும் சேற்றுக்கு மேல் ஒரு அடியும் இருக்கட்டும்.

இறைப்பு முடிந்து, மாரிக்கு ஒதுக்கும்போது

ஒவ்வொரு நாளும் நிறுத்துவதற்கு 3 நிமிடம் முன்பு பெற்றோலுக்கு மாற்றி, பிறகு கொக்கை மூடி, கிண்ணம் வற்றித் தானாக நிற்கவிடுங்கள். அடுத்த நாள் காலை கை நோகாது. ஐப்பசி மழைக்கு முன் இரண்டு தாங்கியையும் வடித்து, புது ஒயில் ஊற்றி, பிளக் துளையால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மூன்று தரம் மெல்ல இழுங்கள். கயிறு தடைப்படும் இடத்தில் நிறுத்துங்கள், அப்போது வால்வு இரண்டும் மூடி நிற்கும், ஈரக்காற்று உள்ளே போகாது. பம்மின் கூட்டையும் வடித்து, சாக்கினால் மூடி, கட்டையின் மேல் ஏற்றி வையுங்கள். பொலித்தீன் சுற்ற வேண்டாம். உள்ளே வேர்த்துப் பொயின்றில் பூஞ்சணம் பிடிக்கும்.